கைக்குத் தெரியும் ஆட்டம்

பழைய மாருதி 800 ஒன்றை நிறுத்தி வைத்து, நியூட்ரலில் கிடக்கும் கியர் ராடை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமுமாக அசைத்துப் பார்த்தால் அந்த வண்டியின் வயது தெரிந்துவிடும். மீட்டர் காட்டும் கிலோமீட்டரைவிட இது நம்பகமான கணக்கு. வண்டி புதிதாக இருந்தபோது ராடுக்குத் தன் நடு இடம் தெரியும். விலக்கினால் மெல்லிய எதிர்ப்பு ஒன்று விரலுக்கு வரும். விட்டால் திரும்பி வந்து நிற்கும். வருடங்கள் போகப் போக அந்த எதிர்ப்பு குறைந்து, ராடு வெறுங்காற்றில் துழாவத் தொடங்கும். இரண்டாவது கியரிலிருந்து மூன்றுக்குத் தள்ளினால் கை ஒன்றாவது கியரின் வாசலில் போய் முட்டும். ரிவர்ஸ் விழுந்ததா இல்லையா என்பது வண்டி நகர்ந்த பிறகுதான் உறுதியாகும்.

சிவகாசிப் பக்கம் வெம்பக்கோட்டை வட்டத்தில், தாயில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் இப்படிப்பட்ட வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. பதினைந்து வருடம் முடிந்து, பதிவைப் புதுப்பித்து, மறுபடியும் ஐந்து வருடத்துக்கு ஆயுள் வாங்கிக்கொண்டவை. மாருதி 800 சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில். அதன் உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். அதே வருடம் மே மாதம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடர் தயாரிப்பும் நின்றுபோனது. இரண்டுக்கும் நடுவே, பிப்ரவரியில், கிளட்ச் மிதிக்காமலே கியர் மாற்றிக்கொள்ளும் செலேரியோவை மாருதி அறிமுகப்படுத்தியது. கையால் கியர் போடுகிற காலம் நம் நாட்டில் முடியத் தொடங்கியது எப்போது என்று கேட்டால் நான் அந்த 2014-ஐத்தான் சொல்வேன். முடியத் தொடங்கிய ஒன்றைப் பற்றி இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த ராடு கற்றுக்கொடுத்த ஒரு விஷயம் வண்டியோடு நின்றுவிடுவதில்லை. இந்த வட்டாரத்தில் அது உயிரோடு சம்பந்தப்பட்டது.

கியர் ராடை ஆணையிடுகிற கம்பியாகவே நினைத்துக்கொள்கிறோம். கை தள்ளுகிறது, உள்ளே பல் மாறுகிறது, அவ்வளவுதான் என்று. அதே கம்பி வழியாகச் செய்தி மேலேயும் வருகிறது. பெட்டிக்குள் சுழலும் பாகங்களின் வேகம் ஒத்துவராதபோது உள்ளங்கையில் ஒரு நறநறப்பு. ஒத்துவந்ததும் தடை கரைந்து ராடு தானாகவே உள்ளே இழுபடும். பல் முழுதாகப் பூட்டிக்கொண்டதும் சின்னதாக ஒரு ‘டக்’. தேர்ந்த ஓட்டுநர் இந்த மூன்றையும் வாங்கிக்கொண்டுதான் கியர் போடுகிறார். கண்ணுக்கு இதில் வேலையே இல்லை.

மூட்டுகளில் தளர்வு வந்ததும் முதலில் தொலைவது இந்தத் திரும்பி வரும் செய்திதான். ஆணை எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினால் போதும். பதில்தான் வருவதில்லை. அதனால்தான் கோளாறு முற்றுகிறவரை யாருக்கும் உறைப்பதில்லை. வண்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.

ஆணை போகிற வழி நீளமானது. கைக்குக் கீழே, தரைத்தகட்டை ஒட்டி, ராடு ஒரு கிண்ணத்தில் உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது. அதுதான் நெம்புகோலின் தாங்குபுள்ளி. அதற்குக் கீழே நீண்டிருக்கும் குட்டை முனையை ஒரு பின் பிடித்திருக்கிறது. பின்னைச் சுற்றிப் புஷ் என்னும் மெல்லிய உறை. அங்கிருந்து ஒரு தண்டு வண்டியின் வயிற்றுக்கு அடியில் முன்பக்கமாக ஓடி, இன்னொரு மூட்டில் கியர்பாக்ஸிலிருந்து நீளும் செலக்டர் தண்டைப் பிடிக்கிறது. அங்கேயும் புஷ். ராடின் அடித்தளத்தையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பிடிக்க இன்னொரு கம்பி. அதன் நுனியில் ரப்பர். பெட்டிக்குள் போனால் செலக்டர் தண்டு ஒரு கவையை நகர்த்துகிறது, கவை ஸ்லீவைத் தள்ளுகிறது, ஸ்லீவின் பற்கள் கியரின் பற்களோடு போய்ப் பூட்டுகின்றன. பூட்டுமுன் இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கித் தரும் சின்க்ரோ முதலில் வந்தது 1928-இல், அமெரிக்காவின் காடிலாக் கார்களில். அதற்கு முந்தைய ஓட்டுநர்கள் கிளட்சை இரண்டு தடவை மிதித்து, இன்ஜின் சத்தத்தைக் காதால் கணித்து, அந்த வேலையைத் தாங்களே செய்துகொண்டார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு மூட்டிலும் தேய்மானம் அரை மில்லிமீட்டர்தான் என்று வைத்துக்கொள்வோம். நாலு மூட்டுக்கு 2 மில்லிமீட்டர். உருண்டைக்கு மேலே இருக்கும் ராடு கீழ்முனையைப் போல ஐந்து மடங்கு நீளம் என்றால், கீழே 2 மில்லிமீட்டர் மேலே குமிழில் 10 மில்லிமீட்டர் ஆகிறது. ஒரு சென்டிமீட்டர் தூரம் கை சும்மா போகிறது. அதுவரை உள்ளே எதுவும் அசைவதில்லை. எந்த மூட்டையாவது தனியாகக் கழற்றிக் காட்டினால், இதற்கென்ன, இன்னும் ஒரு வருடம் ஓடுமே என்றுதான் யாரும் சொல்வார்கள். ஒவ்வொன்றும் தன்னளவில் மன்னித்துவிடக் கூடியது. கூட்டுத்தொகை மன்னிப்பதில்லை.

அது செய்கிற சேதம் ஓட்டுகிறவரின் எரிச்சலோடு முடிந்துவிடுவதும் இல்லை. கை முழுதாகத் தள்ளியும் ஸ்லீவ் முழுத் தூரம் போகாமல் பாதிப் பல்லில் பிடித்து நிற்கும். சமதளத்தில் தெரியாது. ஏற்றத்தில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு இழுக்கும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலில் வந்து விழும். கழன்று கழன்று பல்லின் விளிம்பு மழுங்கும். மழுங்கிய பல் இன்னும் சுலபமாகக் கழலும். சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வெளிவேலை, பெட்டியை இறக்கிப் பிரிக்கிற வேலையாக வளர்வது இப்படித்தான்.

கரிசல் மண் இதைச் சீக்கிரமாக்குகிறது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மண் வண்டித் தடத்தில் பொடியாகிப் பறக்கும். மழை விழுந்தால் களியாகி அடித்தகட்டில் அப்பிக்கொள்ளும். இணைப்புத் தண்டோ வெட்டவெளியில், சக்கரம் வாரியடிக்கும் பாதையிலேயே கிடக்கிறது. மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை வெயிலில் விறைத்துக் கிழிகிறது. கிழிந்த வழியாகப் புழுதி போய்க் கிரீஸில் கலக்கிறது. சுத்தமான கிரீஸ் தேய்மானத்தைத் தடுக்கும். புழுதி கலந்த கிரீஸ் அரைக்கிற பசை. காப்பாற்றுவதற்காகப் போட்டதே அறுக்க ஆரம்பிக்கிறது. மாட்டுவண்டி ஓட்டிய தலைமுறைக்கு இது தெரிந்திருந்தது. அச்சில் இருக்கும் பழைய மசகை வழித்துத் துடைத்துவிட்டுத்தான் புது மசகு தடவுவார்கள். மேலுக்கு மேல் அப்பினால் நாள்பட்ட மண்ணும் உள்ளேயே தங்கிவிடும்.

தளர்ந்த கியருக்கு இந்தியச் சாலைகளில் பேர்போனது அம்பாசிடர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வழியில் வந்த அந்த வண்டியில் பல காலம் கியர் ராடு ஸ்டியரிங் தண்டோடு ஒட்டியிருந்தது. முன்சீட்டில் மூன்று பேர் இடிக்காமல் உட்காரலாம் என்பது அதனால் கிடைத்த வசதி. கையின் அசைவு ஸ்டியரிங் தண்டை ஒட்டிக் கீழிறங்கி, இன்ஜின் பக்கம் திரும்பி, கியர்பாக்ஸின் விலாவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அதற்குக் கொடுத்த விலை. திரும்புகிற இடமெல்லாம் ஒரு மூட்டு. மூட்டெல்லாம் தேய்ந்த வண்டியில், ஒரு கியரை விட்டு அடுத்ததற்குப் போகும் வழியில் ராடு நடுவே சிக்கிக்கொள்ளும். டாக்சி ஓட்டியவர்கள் ரோட்டோரம் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, கையை உள்ளே விட்டு நெம்பி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடி ஏறி உட்கார்வார்கள். பின்சீட்டில் இருப்பவரும் எதுவும் கேட்கமாட்டார். எல்லோருக்கும் பழகிப்போன காரியம் அது.

அந்தப் பழக்கத்தைத்தான் நான் பெரிய ஆபத்தாக நினைக்கிறேன். கோளாறைச் சமாளிக்கும் திறமை கூடக் கூட, கோளாறைச் சரிசெய்ய வேண்டும் என்ற எண்ணம் மங்கிவிடுகிறது. திறமையான ஓட்டுநர் கையில் தளர்ந்த வண்டி நல்ல வண்டியாகத் தெரியும். அவர் இறங்கிக்கொண்டு வேறொருவர் ஏறும் நாளில்தான் அது எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்பது வெளிப்படும்.

எங்கள் வீட்டு மாருதியும் அப்படிப் பழகிப்போன வண்டிதான். மூன்றாவது கியருக்கு ராடை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டே தள்ள வேண்டும் என்பது வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த சூட்சுமம். கியர்பாக்ஸை இறக்கி வேலை பார்க்க வேண்டியிருக்கும் என்று ஒருவர் சொன்னதை நம்பி, பணம் சேரட்டும் என்று காத்திருந்த காலத்தில், தாயில்பட்டிப் பக்கம் சாலையோரப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

“கியர்பாக்ஸ இறக்கணுமா அண்ணாச்சி?”

“பெட்டிக்கு ஒண்ணும் ஆகல தம்பி. கியர் விழுந்தா நல்லாத்தான நிக்குது? வர்ற வழியில எங்கயோ தொலையுது. அத மொதல்ல பாப்போம்.”

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, சாக்கை விரித்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். என்னைச் சீட்டில் உட்காரச் சொன்னார். இன்ஜின் ஓடவில்லை. “அசைங்க… மெதுவா… இன்னும் மெதுவா. அப்படியே விடுங்க.” குனிந்து எட்டிப் பார்த்தபோது அவர் செய்துகொண்டிருந்தது தெரிந்தது. மூட்டின் இந்தப் பக்கத்துத் தண்டில் கட்டைவிரல், அந்தப் பக்கத்துத் தண்டில் ஆள்காட்டி விரல். ராடு அசையும்போது இரண்டு விரலும் ஒரே நேரத்தில் நகர்ந்தால் அந்த மூட்டு நல்ல மூட்டு. கட்டைவிரல் முந்திக்கொண்டு ஆள்காட்டி விரல் காத்திருந்தால், காத்திருக்கிற அந்த நேரம்தான் தேய்மானம். ராடின் அடியிலிருந்து தொடங்கி, மூட்டு மூட்டாகத் தொட்டுக்கொண்டே கியர்பாக்ஸ் வரை போனார். டார்ச் பக்கத்திலேயே கிடந்தது. அவர் எடுக்கவில்லை, கண்ணை மூடியிருந்தார்.

“இது கூடவே வருது… இதுவும் வருது… இந்தா, இங்க நிக்குது பாருங்க.”

கழற்றிய பின்னைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டு ஓரமும் பழைய கருப்பு நிறத்தில் இருக்க, நடுப்பகுதி கண்ணாடிபோல மின்னியது. நகத்தை வைத்து நீளவாட்டில் இழுத்தால் நடுவில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுவது தெரிந்தது. புஷ் ஒரு பக்கம் காகிதக் கனத்துக்கு மெலிந்து விரிசல் விட்டிருந்தது. தண்டின் துளை வட்டமாக இல்லை. “ஓட்ட ஓவலாயிருச்சு. இதுலயே புதுப் புஷ்ஷ மாட்டுனா ஒரு மாசம் நல்லாருக்கும். அப்புறம் பழையபடி ஆயிரும்.” தேய்ந்தவை மூன்று: பின், புஷ், துளை. மூன்றில் ஒன்றை மட்டும் புதிதாக்கினால் மற்ற இரண்டும் சேர்ந்து புதியதைச் சீக்கிரம் தின்றுவிடும். பழுதுபார்த்தும் வண்டி சரியாகவில்லை என்று நாம் சலித்துக்கொள்ளும் பல வேலைகளின் கதை இதுதான்.

துளையைப் பெரிதாக்கி வட்டமாக்கவும், அதற்கேற்ற புஷ் கடையவும் லேத் பட்டறைக்குப் போனோம். லேத்காரர் வெர்னியரில் அளந்தார், கடைந்தார், மறுபடி அளந்தார். கடைசித் தீர்ப்பை அளவுகோலிடம் விடவில்லை. புஷ்ஷை நிமிர்த்திப் பிடித்து, புதுப் பின்னில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, துளையின் வாயில் வைத்துக் கையை எடுத்தார். பின் தன் எடையில் மெல்ல மெல்ல இறங்கியது. சடாரென்று விழுந்தால் தளர்வு. நடுவில் நின்றால் இறுக்கம். எண்ணெய்ப் படலத்துக்கு இடம் விட்டு, அதற்கு மேல் இடம் விடாமல் இருந்தால்தான் பின் அந்த வேகத்தில் இறங்கும். எத்தனை மைக்ரான் என்று அவர் சொல்லவில்லை. இறங்குகிற வேகமே அவருக்கு அளவு.

தளர்வைப் போக்குவது என்றால் இடைவெளியே இல்லாமல் இறுக்குவது என்று நினைப்பவர்கள் உண்டு. நட்டை அடித்து முறுக்குவார்கள்; ரப்பர் இருந்த இடத்தில் இரும்பை வைப்பார்கள்; வெல்டிங் வைத்து மூட்டையே ஒட்டிவிடுவதும் நடக்கிறது. ஆட்டம் நின்றுவிடும். கூடவே கியரும் நகராது. நகர்ந்தாலும் நடுவுக்குத் திரும்பி வராது. மாருதி 800-இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின் ரப்பர் மவுண்ட்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு பக்கம் சாய்ந்து, விட்டால் திரும்பும். அந்த அசைவுக்கு இடம் கொடுக்கத்தான் இணைப்பில் ரப்பர் வைத்திருக்கிறார்கள். ரப்பரை எடுத்துவிட்டால் இன்ஜினின் நடுக்கம் முழுவதும் ராடில் ஏறிக் கை மரத்துப்போகும். அப்போதும் செய்தி வராது, இரைச்சல்தான் வரும். மவுண்ட் நைந்த வண்டியிலோ, புஷ் எல்லாம் புதிதாக இருந்தாலும், மிதிக்கும்போதெல்லாம் ராடு தானாக முன்னும் பின்னும் துள்ளும். ஆகவே மூட்டை மட்டும் பார்த்தால் போதாது. மூட்டு எதன்மேல் நிற்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

அசைவதற்காகவே உள்ளது மூட்டு. அசைய இடம் வேண்டும். அசைவு தொலைந்துபோகும் அளவுக்கு இடம் கூடாது. அந்த எல்லையை ஒரு முறை கண்டுபிடித்து வைத்துவிட்டுப் போய்விடவும் முடியாது. ஓட ஓட அது நகரும். பராமரிப்பு என்பது நகர்ந்துகொண்டே இருக்கும் ஓர் எல்லையைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது. புதுப்பொருள் வாங்குவதில் இருக்கும் பெருமை அதில் இல்லை. பார்த்தவருக்குப் பேரும் கிடைப்பதில்லை. அவர் தடுத்த விபத்து நடக்காமலே போய்விடுவதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

இப்படிப்பட்ட விரல்களுக்குச் சிவகாசி வட்டாரத்தில் பஞ்சம் இல்லை. 1922-இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சு இயந்திரம் வந்தது. ஆஃப்செட் இயந்திரத்தில் நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்கார்ந்தால்தான் காலண்டரில் முருகன் முகம் முகமாக இருக்கும். சிலிண்டரை ஓட்டும் பற்சக்கரத்தில் கொஞ்சம் தேய்மானம் கண்டாலும் அச்சுப் புள்ளி இரட்டிக்கும். எங்கோ செய்த இயந்திரத்தை இங்கே ஓட்டுவதற்கு உதிரிபாகத்தை இங்கேயே கடைய வேண்டியிருந்தது. தேய்மானம் எங்கே தொடங்குகிறது என்று தேடிப் போகிற பழக்கம் தொழிலோடு சேர்ந்து வளர்ந்தது.

இதே ஊர்களில்தான் பட்டாசு ஆலைகளும் இருக்கின்றன. ஒரு பழைய காரின் கியரையும் மனித உயிரையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனால் கோளாறு உருவாகும் விதம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை என்னால் முடிக்க முடியாது.

ஒவ்வொரு வெடிவிபத்துக்கும் மறுநாள் காலையில் நாம் படிக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மருந்து கலக்கும்போது, அல்லது குழாயில் செலுத்தும்போது, உராய்வு ஏற்பட்டது. அது பொய் இல்லை. ஆனால் அது சங்கிலியின் கடைசிக் கண்ணி. உராய்வு ஏற்படாமல் இருக்கவும், ஏற்பட்டாலும் ஓர் அறையோடு நின்றுவிடவும் எத்தனையோ ஏற்பாடுகள் உண்டு. 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் அதன்கீழ் வந்த 2008-ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன. ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு தூரம் என்று வரையறை இருக்கிறது. தீப்பொறி கிளப்பும் இரும்புக் கருவி கூடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வரிசையில் ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர் தேய்ந்தால் என்ன ஆகும்? தீபாவளி ஆர்டர் நெருங்குகிறது என்று அறையில் ஓர் ஆள் கூடுதல். பீஸ் ரேட்டில் கூலி என்பதால் கையில் கொஞ்சம் அவசரம். நாளைக்குக் கலக்க வேண்டியதை இன்றைக்கே கலந்து வைத்தது. உள்ளே இடம் போதவில்லை என்று மரத்தடிக்கு நகர்த்திய வேலை. உச்சிவெயில். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால், இதற்கென்ன என்றுதான் தோன்றும்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை ஒன்றில் நடந்த வெடிவிபத்தில் நாற்பது பேர் வரை இறந்தார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடிவந்தவர்களும் அதில் உண்டு. அந்த ஆலையின் உரிமத்தை நிறுத்திவைக்கும் உத்தரவு வந்த பிறகும் அங்கே வேலை நடந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. உத்தரவு அசைந்தது, அறை அசையவில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, உள்குத்தகைக்கு எடுத்தவர்கள் வேலை வாங்கினார்கள் என்பது அப்போது பேசப்பட்டது. உரிமத்துக்கும் வேலைக்கும் நடுவில் எத்தனை குத்தகையோ அத்தனை மூட்டு. அதே வருடம் ஜூன் மாதம் தாயில்பட்டியில் ஒரு வீட்டிலேயே வெடித்து உயிர்கள் போயின. அங்கே இணைப்பு தளர்ந்திருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, இணைப்பே இல்லை. விதி ஓரிடத்தில், வேலை வேறோரிடத்தில்.

ஒவ்வொரு முறையும் விபத்துக்குப் பிறகு மேலிருந்து ஓர் இறுக்கம் வருகிறது. ஆய்வு, சீல், வழக்கு, கைது. அந்த இறுக்கம் தேவையானதுதான். ஆனால் புஷ் தேய்ந்த வண்டியில் ராடை இன்னும் ஓங்கித் தள்ளுவதைப் போன்றது அது. தள்ளுகிற விசை போதாமல் இந்த விபத்துகள் நடக்கவில்லை. கீழே நடப்பது மேலே தெரியாமல் போவதால் நடக்கின்றன. பெரியவரின் இரண்டு விரல் சோதனையை இங்கே செய்ய வேண்டும்: சட்டத்தின் மேல் ஒரு விரல், அறையின் மேல் ஒரு விரல். இரண்டும் ஒரே நேரத்தில் அசைகின்றனவா? எந்த மூட்டில் ஒன்று முந்தி மற்றொன்று காத்திருக்கிறது? உரிமத்திலா, குத்தகையிலா, போர்மேனிடமா, கூலிக் கணக்கிலா? அதை ஒவ்வோர் ஆலையிலும், விபத்துக்கு முன்னால், தொட்டுப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

தேய்மானம் முதலில் யாருக்குத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ராடைப் பிடித்திருக்கும் கைக்குத்தான் தெரியும். மருந்து இன்றைக்கு வழக்கம்போல் இல்லை, அறைச்சூடு கூடியிருக்கிறது, ஆள் அதிகமாகிவிட்டது என்பதையெல்லாம் எந்த அதிகாரிக்கும் முன்னால் அறிந்துகொள்வது மருந்தில் கைவைக்கிற ஆணும் பெண்ணும்தான். வருடக்கணக்கில் அந்தக் கைகள் தங்கள் சூட்சுமத்தால் எத்தனையோ விபத்துகளைத் தவிர்த்திருக்கும். அம்பாசிடர் ஓட்டுநரின் திறமையைப் போல, அவர்களுடைய திறமையும் ஆலையின் தேய்மானத்தை வெளியே தெரியாமல் மறைத்து வைத்திருக்கிறது. சொன்னால் வேலை போகும், அன்றைய கூலி போகும், ஊரில் வேறு பிழைப்பும் இல்லை என்பதால் அந்தச் செய்தி மேலே ஏறுவதில்லை. எல்லா மூட்டிலும் மிக அதிகமாக நைந்து கிடப்பது கைக்கு மிக அருகில் இருக்கும் இந்த மூட்டுதான்.

அதனால் வேலையை அங்கிருந்து தொடங்க வேண்டும். “இன்னைக்கு இது சரியில்ல, நான் கலக்கமாட்டேன்” என்று சொல்கிற தொழிலாளிக்கு அன்றைய கூலி முழுதாகக் கிடைக்க வேண்டும். மறுநாள் வேலையும் இருக்க வேண்டும். அறையை நிறுத்துகிற உரிமை அந்த அறைக்குள் இருப்பவரிடம் எழுத்தில் இருக்க வேண்டும். அதைப் பயன்படுத்தியவரின் பேச்சை ஆய்வுக்கு வருகிறவர் போர்மேன் இல்லாத இடத்தில் கேட்க வேண்டும். பீஸ் ரேட் கூலியை அப்படியே வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. செய்தால் அது புதுப் புஷ்ஷை ஓவல் துளையில் மாட்டுகிற வேலை. கூலி, குத்தகை, உரிமை மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். காரின் ஒரு பின்னுக்கு அவ்வளவு பொறுமையாக இடம் பார்த்துக் கொடுக்கத் தெரிந்த ஊர் இது. அந்தப் பொறுமையை மருந்து அறையில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கும் கொடுக்க இந்த ஊருக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை.